ஷோகேஸ் கண்ணாடிக்கு வந்த பொருத்தம்

வீரபாண்டியில் எங்கள் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே நிட்டிங் மிஷின்கள் குடியிருந்தன. எங்களுக்குச் சோறு போட்டது அவைதான் என்பதால் மரியாதையெல்லாம் அவற்றுக்கே. இரவும் பகலும் பனியன் துணி பின்னிக்கொண்டே இருக்கும். ஆயுத பூஜையைத் தவிர வேறெதற்கும் அப்பா அவற்றை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

முழு வேகத்தில் ஓடினால் தொந்தரவில்லை. கரண்ட் போய் வந்து மறுபடி வேகமெடுக்கும்போது நடுவில் ஒரு கட்டம் வரும். அப்போது ஹாலில் இருந்த ஷோகேஸ் கண்ணாடி ஒரு நொடி முனகிவிட்டு அடங்கும். அதற்குப் பெயர் ஒத்ததிர்வு. பாலிடெக்னிக்கில் அந்தப் பேப்பரில்தான் நான் அரியர். எனக்குப் புரிந்தவரை, கண்ணாடிக்கென்று ஒரு துடிப்பு உண்டு. அதே துடிப்பு வெளியிலிருந்து விடாமல் வந்தால், ஆட்டம் ஏறி ஏறிக் கண்ணாடி உடைந்துவிடும். பத்துப் பொருத்தமும் கூடிவந்தால் குடி கெடுவது அந்த ஒரு இடத்தில்தான்.

வீட்டுக்கு ஒரு செல்போன் வந்திருந்த காலம். அதில்தான் தகவல் வந்தது, தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று. மூக்கு சரியில்லை, மீசை சரியில்லை என்று வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தவள், இந்த மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்ததும் வாயே திறக்கவில்லை. என்னிடம் மட்டும், "அண்ணா, இந்த எடம் தட்டிப்போகாமப் பாத்துக்குங்க" என்றாள்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். பேசுவது ஒருவர் காதிலும் விழவில்லை.

"ஏனுங்க, செத்த நேரம் மிஷின நிறுத்துங்க" என்றாள் அம்மா.

"அவசர ஆர்டரு. வேணும்னா வேகத்தக் கொறைக்கறேன்" என்று அப்பா கீழே போய்க் குமிழைத் திருகி, பெரிய தியாகம் செய்தவர் மாதிரி மேலே வந்தார்.

தங்கை காபித் தட்டோடு வந்தாள். ஷோகேஸ் முனக ஆரம்பித்தது. உடனே அடங்கிவிடும் என்று எல்லோரும் சிரித்தபடி இருந்தோம். அடங்கவில்லை. உள்ளேயிருந்த தலையாட்டிப் பொம்மை எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லியது. அப்பா குமிழை நிறுத்தியது சரியாக அந்தக் கட்டத்தில்! அரியர் பேப்பர் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எழுந்து ஓடுவதற்குள் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டுப் பொலபொலவென்று கொட்டியது.

சகுனத் தடை என்று எழுந்து போய்விடுவார்கள் என்றே நினைத்தேன். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. தங்கை கண்ணில் தண்ணீர். அப்பாவை அந்த மிஷினிலேயே போட்டுப் பின்னிவிடலாம் போல எனக்கு ஆத்திரம்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடித் தூளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"வேகத்தக் கொறச்சீங்களாங்க?"

அப்பா தலையசைத்தார்.

"அது தப்புங்க. ஓட்டுனா ஓட்டோணும், இல்லீனா நிறுத்தோணும். எங்க ஊட்டுலயும் கீழ மிஷின்தானுங்க. கண்ணாடி மாத்தி மாத்திச் சலிச்சு, ஷோகேஸுக்குப் பிளைவுட் அடிச்சுட்டோம். உள்ள என்ன இருக்குதுன்னு எனக்கே மறந்துபோச்சு." தங்கையிடம் திரும்பி, "காப்பியக் குடு கண்ணு, ஆறிப்போகுது" என்றார்.

மாப்பிள்ளை எழுந்து, விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

கல்யாணம் முடிந்து, தங்கையைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினோம். சாயங்காலம் வீட்டில் என்னவோ குறைந்தது. கீழே இறங்கிப் பார்த்தேன். எல்லா மிஷினும் நின்றிருந்தன. நடுவில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் இல்லீங்களாப்பா?"

"இல்ல" என்றார்.

அவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.