அக்கா தொடத் தயங்கிய படம்

அக்கா இல்லாத முதல் ஆண்டை எப்படியோ கடந்துவிட்டோம். திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். புகழ்ந்து எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. "போதும் லா, கூச்சமா இருக்கு" என்பார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பத்தாங் பெர்சுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அவருக்குப் பத்து வயதானபோது அம்மா காய்ச்சலில் காலமானார். நான் கைக்குழந்தை. அப்பா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். எனக்குப் பால் கலக்கிக் கொடுத்ததும், அழ அழப் பள்ளிக்கு இழுத்துப் போனதும் அக்காதான். வெகுநாள் வரை நான் அவரைத்தான் அம்மா என்று அழைத்தேனாம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கோலா சிலாங்கூரில் ஒரு போட்டோ கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கணினி வந்தபின் பழைய படங்களைச் சரிசெய்யத் தாமே பழகிக்கொண்டு, திருமணத்துக்குப் பிறகு வீட்டிலேயே அந்த வேலையைச் செய்தார். கறையான் அரித்த படம், வெள்ளத்தில் ஊறிய படம், மடிப்பில் கிழிந்த படம் எல்லாம் வரும். பெரும்பாலும் சாவு வீட்டுக்காரர்கள், கருமக்கிரியைக்குள் வேண்டும் என்று ஓடி வருவார்கள். நன்றாயிருக்கும் கன்னத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கெட்டுப்போன கன்னத்தை நிரப்புவார் அக்கா.

செகிஞ்சானிலிருந்து வந்த ஒருவர், "தங்கச்சி, எங்கப்பாவுக்கு ஒரு கோட்டு மாட்டிவிடு லா" என்றார்.

"உசுரோட இருக்கையில ஒரு நல்ல சட்டை எடுத்துக் குடுத்தீங்களாண்ணே?" என்று அக்கா கேட்டார். ஆனாலும் அக்கா கோட்டு மாட்டித்தான் கொடுத்தார், கழுத்துப்பட்டையோடு.

இப்படி ஊராருக்கெல்லாம் செய்தவரின் வீட்டிலேயே ஒரு படம் கெட்டுப்போய்க் கிடந்தது. அது அம்மாவின் ஒரே படம். தோட்டத்தை விட்டு வீடு மாறியபோது அதன் கண்ணாடி உடைந்துவிட்டது. அப்பா வேறு கண்ணாடி போடவில்லை. வெள்ளிதோறும் படத்தின் மேலேயே சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமமும் இடுவார். மறு வாரம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பார். பக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு நினைவு தெரிவதற்குள் நெற்றி போயிற்று, பிறகு புருவம், பிறகு இரண்டு கண்களும் போயின. மூக்குக்குக் கீழே மட்டும்தான் அம்மா மிஞ்சினார்.

அப்பாவும் காலமான பிறகு நான் கேட்காத நாளில்லை. "எல்லாருக்கும் செய்யிற, நம்ம அம்மாவுக்குச் செய்ய மாட்டியா? தோட்டத்து ஆளுங்களையாவது கேட்டுப் பார்க்கலாமே."

"ஆளுக்கு ஒரு அம்மா சொல்வாங்கடா" என்பார். ஒருமுறை எரிச்சலோடு உண்மையைச் சொன்னார்: "நான் தப்பா ஒரு கண்ணை வச்சுட்டேன்னு வையி, தெனம் அதையே பார்த்துப் பார்த்து எனக்கும் அதுதான் அம்மான்னு ஆயிடும். என்கிட்ட இருக்கறதும் போயிடும். உனக்கென்ன, எந்த முகம் வச்சாலும் கும்பிடுவ."

எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் ஒரு முகம் இருந்தது, என்னிடம் எதுவும் இல்லை என்பதுதான் என் கோபம். நான் குடியிருக்கும் ரவாங்குக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன்.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் என்று ஆயிற்று. கைகள் வீங்கி வேலையை விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கணவர், எங்கள் மாமா, கணினியைக் கட்டிலருகே நகர்த்தி வைத்திருந்தார். திரையில் அம்மாவின் படம்.

"நீ மவுசைப் பிடி. நான் சொல்றேன்" என்றார் அக்கா.

என் கண்களைப் படம் பிடித்து வைக்கலாமா என்று கேட்டேன். "உன் கண்ணு அப்பா கண்ணு. உதவாது" என்று சிரித்தார். தம் பழைய படத்திலிருந்து தம் கண்களை எடுக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினோம். புருவம் இன்னும் மெலிசு. இடது கண் கொஞ்சம் சின்னது, சிரித்தால் அது முதலில் மூடிக்கொள்ளும். வலது புருவத்தில், ரப்பர் விறகு பட்ட சின்னத் தழும்பு. இதையெல்லாம் நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. எத்தனையோ ஞாயிறுகள் போயின. களைத்தால் கண்ணை மூடிக்கொண்டு, "இரு, பார்த்துச் சொல்றேன்" என்பார்.

கடைசியில் ஒருநாள் திரையையே நெடுநேரம் பார்த்தார். "ம். அம்மாதான்டா" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நிஜமாகவே அம்மாவைக் கண்டாரா, இனி முடியாது என்று எனக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த மாதம் அக்கா போய்விட்டார்.

நோயில் உடனிருந்த தாதியருக்கும், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், காரில் ஏற்றிப் போன நண்பர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பின்னட்டையில் அக்காவின் படத்தோடு அம்மாவின் படத்தையும் அச்சிட்டிருக்கிறோம். தோட்டத்தில் அம்மாவோடு பழகிய பெரியவர்கள் சிலர் இன்று வந்திருக்கிறீர்கள். பாருங்கள். அவர் இப்படி இருக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.