அக்காவின் மஜ்ஜை

போன ஞாயிறு சர்ச்சில் என் நண்பன் ராபர்ட்டுக்கு நினைவுப் பூசை. முடிந்து வெளியே வந்ததும் அவன் அக்கா ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என் ரத்தம்தான் தோத்துப்போச்சு, இல்ல?"

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்று முனகினேன்.

ராபர்ட்டுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்துகள் கைவிட்ட பிறகு, எலும்பு மஜ்ஜை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள் – நம் ஊருக்கு ரொம்பப் புதிய சிகிச்சை. கூடப் பிறந்தவர் யாருடையதாவது பொருந்த வேண்டும். அவனுக்கு இருந்ததோ ஒரே அக்கா. பொருந்திவிட்டது! அவர்கள் குடியிருந்த தஞ்சோங் பகார் ஃப்ளாட்டில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அக்கா கேக் கொடுத்தார்.

அக்காவின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். நொண்டி நொண்டி நடந்தார். "வலிக்குதாக்கா?" என்றால், "அவன் பிழைச்சா போதும்லா" என்பார்.

மஜ்ஜை பிடித்துக்கொண்டது. புது ரத்தம் ஊறியது. ஆஸ்பத்திரித் தனியறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்தபடியே ராபர்ட் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

பிறகு... காய்ச்சல். மூச்சுத் திணறல். நுரையீரலில் வைரஸ்.

டாக்டர் தமிழர். எங்கள் இருவரையும் உட்காரவைத்து, ஒளிக்காமல் சொன்னார்.

"இந்த வைரஸ் நம்மள்ல நிறைய பேர் உடம்புல சும்மா தூங்குது. உங்ககிட்டயும் இருக்கு, மிஸ் ஸ்டெல்லா. உங்க வெள்ளை அணு அதை அடக்கி வெச்சிருக்கு. அவருக்கு அந்த மாதிரி அணு இன்னும் வளரல."

"என்கிட்ட வளர்ந்ததே இருக்கே டாக்டர். அதை எடுத்துக் குடுங்களேன்."



"குடுத்தா வைரஸோட சேர்த்து அவர் உடம்பையும் தாக்கிடும். வைரஸை மட்டும் தாக்குறதைத் தனியாப் பிரிக்க நமக்கு இன்னும் வழி தெரியலம்மா."

"அமெரிக்காவுல?"

"அங்கயும்தான்."

அதற்குள் அக்கா ரத்தம் எடுக்கச் சொல்லிக் கையை நீட்டிவிட்டிருந்தார். அதை மடக்கி மடியில் வைத்துக்கொள்ள அவருக்கு நேரமாயிற்று.

அந்த வாரமே ராபர்ட் போய்விட்டான்.

மருத்துவம் வேகமாக முன்னேறுகிறது என்று பேப்பரில் படிக்கிறோம். உண்மைதான். அக்கா கேட்டதைக்கூட என்றைக்காவது யாராவது செய்துகாட்டலாம். ஆனால் அது வந்து சேரும்வரை, கொடுத்தவர்கள்தான் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறார்கள் – யாரும் கூப்பிடாமலே!

டாக்டர்களுக்கே எட்டாத ஒன்றுக்கு, ஆபீஸில் டைப் அடிக்கும் ஸ்டெல்லா அக்கா பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறார்.