அத்தான் பாக்கெட்டில் அக்கா எழுதியது

டீ-சர்ட்டின் முதுகில் எவன் வேண்டுமானாலும் அச்சடிப்பான். பாக்கெட்டில் அடிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம். சுற்றிலும் இருக்கும் தையல் மேடு, மை இறங்கும் வலைச்சட்டமான ஸ்க்ரீனைச் சமமாக உட்கார விடாது. ஓரத்தில் மை தேங்கும், நடுவில் எழுத்து பல்லிளிக்கும். அதனால் உள்ளங்கை அகலப் பலகை ஒன்றைப் பாக்கெட்டுக்குள் நுழைத்து, அதன்மேல் ஸ்க்ரீனை இறக்கி, ரப்பர் பட்டையால் மையை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். என் அக்கா இருபத்தாறு வருடமாக இழுக்கிறாள். ஒரு பிசிறு இருக்காது. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. தம்பி என்றால் குறைத்துத்தான் சொல்வேன்.

ஸ்க்ரீனை மாட்டுவதும் பாக்கெட்டைப் பலகையில் ஏற்றுவதும் அத்தான் வேலை. மடித்துக் கட்டுவது என் வேலை. அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மடிப்பேன். பேச்சென்ன பேச்சு, "ஏங்க" என்பாள் அக்கா, அவ்வளவுதான். அடுத்த சட்டையை ஏற்றுங்கள், மை தீர்ந்துவிட்டது, டீ வேண்டுமா, காலை ஏன் ஆட்டுகிறீர்கள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அத்தான் ஒருநாளும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை.

அச்சில் பிழை வந்த சட்டைகள் அத்தானுக்கு. அவர் அலமாரியில் மருந்துக்கடை, நீச்சல் பள்ளி, பூட்டுக் கம்பெனி என்று சகலமும் உண்டு. ஊரிலுள்ள எல்லா இடத்திலும் வேலை பார்த்து நின்றுவிட்டவர் என்று கிண்டல் செய்வேன்.

போன வருடம் அவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். பேர்கள் போயின, கிழமைகள் போயின. மாலை நடையை மட்டும் அவர் விடவில்லை. வேலை முடிந்ததும் கைகழுவிவிட்டுப் பாலம் வரை போய் வருவார். ஒருநாள் வரவில்லை. கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு கண்டக்டர்தான் கூட்டிவந்தார்.

"இனிமே கேட்டைப் பூட்டிடலாம்மா" என்றாள் அக்கா மகள். பூட்டையும் வாங்கி வந்திருந்தாள்.

"அந்த நடை ஒண்ணுதான்டி அவருக்கு மிச்சம். அதையும் பிடுங்கவா?"

"மறுபடியும் காணாம போனா?"

இன்னொரு தடவை காணாமல் போனால் பூட்டுதான் என்று முடிவாயிற்று.

முகவரிச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். குப்பை என்று எறிந்துவிட்டார். பட்டன் ஃபோன் ஒன்றைக் கயிறு கட்டி இடுப்பில் மாட்டிவிட்டோம். வழி தெரியாவிட்டால் அதில் கூப்பிட வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. கடைசியில் அக்கா தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தாள். பாக்கெட்டில் அவர் பேரும், நம்பரும், 'இவரைக் கண்டால் அழைக்கவும்' என்றும் அச்சடித்தாள். அத்தான் வாங்கிப் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான் என்ன பார்சலா?" என்று சட்டையை என் மேல் விட்டெறிந்தார்.

அந்த வாரம் சைக்கிள் கடை ஒன்றுக்கு நாற்பது சட்டை. ஒரு சக்கரம், கீழே 'காற்று இருக்கா பாருங்க'. அத்தான் மாட்டினார், அக்கா இழுத்தாள், தூக்கிப் பார்த்தால் அச்சு தலைகீழ். சட்டையை மாற்றி ஏற்ற வழியே இல்லை, பாக்கெட்டுக்கு வாய் ஒரு பக்கம்தான். ஸ்க்ரீனைத்தான் தலைகீழாக மாட்டியிருக்கிறார்.

"கண்ணு எங்க வச்சிருக்கீங்க? இருபத்தாறு வருஷமா மாட்டறீங்க!" என்று அக்கா கத்திவிட்டாள். அவள் அவரைத் திட்டி நான் கேட்டதே இல்லை. அத்தான் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அக்கா ஸ்க்ரீன் கழுவும் தொட்டிக்குப் போய் அழுதாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

பிழைச் சட்டை வழக்கம்போல அத்தானுக்குப் போயிற்று. மறுநாள் சாப்பிட்டு எழுந்தவர், மோவாயை நெஞ்சில் பதித்துப் பாக்கெட்டைப் பார்த்தார். உதடு அசைந்தது. விடுவிடுவென்று வாசலுக்குப் போய் என் ஸ்கூட்டர் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

"முன் சக்கரத்துல காத்து கம்மி" என்றார். உண்மைதான், கம்மிதான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பிசைந்த சோறு கையிலேயே இருக்க, அவர் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தலைகீழாகத் தெரிவது, குனிந்து பார்க்கும் அவருக்கு நேராகத் தெரிகிறது.

அன்றே தன் கையெழுத்தில் எழுதிப் புது ஸ்க்ரீன் செய்தாள். அவளே மாட்டினாள்.

"அக்கா, தலைகீழா மாட்டியிருக்க."

"தெரியும். வாயை மூடிட்டு மடி."

ஏழு சட்டை அடித்தாள், நாளுக்கு ஒன்று. 'ஏங்க, எனக்கு ஃபோன் பண்ணுங்க.' கீழே நம்பர். அத்தான் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டு போனார். தெருவில் பார்த்தவர்களுக்கு அது வழக்கமான பிழைச் சட்டை.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, அக்கா ஃபோன் அடித்தது.

"ஹலோ, பாக்கெட்ல இந்த நம்பர் இருக்கு. எங்க இருக்கேன்னு தெரியல."

"அங்கேயே உட்காருங்க. எதிர்ல என்ன தெரியுது?"

"ஒரு கடை. பெரிய மூக்குக் கண்ணாடி மாட்டியிருக்கு."

இடம் எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்கூட்டரை எடுத்தேன். "மறுபடியும் காணோமா?" என்று ஓடிவந்தாள் மகள்.

"காணாம போகலடி. ஃபோன்ல இருக்காரு" என்றாள் அக்கா. மகள் அப்படியே நின்றாள். அப்புறம், "நிதானமா கூட்டிட்டு வாங்க" என்றாள். அந்தப் பூட்டு இன்றுவரை பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.

வழியெல்லாம் அக்கா ஃபோனை வைக்கவில்லை. அத்தான் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து, ஒரு விரலைப் பாக்கெட் எழுத்தின் மேல் வைத்திருந்தார். எங்களைப் பார்த்தும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காவின் நகத்தில் ஒட்டியிருந்த மையைத்தான் பார்த்தார்.

"நீங்க ஸ்க்ரீன் வேலையா?"

"ஆமாங்க."

"இதைப் பாருங்க, தலைகீழா மாட்டிட்டாங்க. யாரு மாட்டினதோ, பாவம், திட்டிடாதீங்க. எனக்குப் படிக்க இதுதான் வசதி."

வண்டியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"திட்டமாட்டேன்" என்றாள் அக்கா. பிறகு, "ஏங்க" என்றாள்.

"வரேன், வரேன்" என்று எழுந்தார் அத்தான்.