கோழிக்காலில் கட்டிய நீலத்துணி

கொல்லிமலையில் இரண்டு வருடம் விட்டை பொறுக்கினேன். புனுகுப்பூனை என்ன தின்கிறது என்பது ஆராய்ச்சி. எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த அம்மா, "காட்டு ஆபீஸ் சம்பந்தமான வேலை" என்று சொல்லிவைத்திருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி. மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில், விவசாயம் பார்க்கும் ஒரு அம்மாவின் வீட்டை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தேன். அவருக்கு மரவள்ளிக் காடு, கொஞ்சம் கோழிகள், ஒரு செவலை நாய். காலையில் நான் கிளம்பினால் நாயும் கூடவே வரும். எனக்கு முன்னால் விட்டையை மோந்து கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். என் ஆய்வேட்டில் பாதி அதனுடைய உழைப்பு.

ஒரே வாரத்தில் மூன்று கோழிகள் காணாமல் போயின. காட்டோரக் கல்கட்டுச் சுவரின் பொந்தில் ஒரு புனுகுப்பூனை குட்டி போட்டிருந்தது அவருக்கும் தெரியும்.

"பொந்துல மொளகாப் புகை போட்டா முடிஞ்சுதுங்க சார்."

"அது எலி, வண்டு, பழம்னு திங்கறதுங்க. விட்டையக் கழுவிக் காட்டறேன், பாருங்க."

"கோழியத் தின்னுட்டு உங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போகுமாக்கும்."

ஆனாலும் வந்து உட்கார்ந்தார். வாசலில் டீ வடிகட்டியில் ஒவ்வொன்றாகக் கழுவினேன். எலிமுடி, வண்டு ஓடு, அத்தி விதை. அடுப்பில் உலை பொங்க, எழுந்து உள்ளே போனார். கடைசி விட்டையில் கோழி இறகு. அதோடு ஒரு துண்டு நீலத்துணி. பக்கத்து வீட்டுக் கோழிகளோடு கலந்துவிடாதிருக்க, பழைய சேலையைக் கிழித்துத் தன் கோழிகளின் காலில் கட்டுவார். சேலை நீலம்.

அவர் திரும்பி வந்தபோது அது என் சட்டைப் பையில் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்களா?"

"இல்லீங்க."

வடிகட்டியையே பார்த்தவர், பிறகு வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். அவ்வளவு படித்த எனக்கு இது தோன்றியிருக்கவில்லை.

"அப்ப திருடன் ஊட்டுலயே இருக்குதுங்க. கோழி ருசி கண்ட நாய வெச்சுக்க முடியாதுங்க."

மறுநாள் சோளக்காடு சந்தையில் நின்ற பலாப்பழ லாரியில் நாயை ஏற்றி, கீழே எங்காவது இறக்கிவிடச் சொன்னார். கயிற்றோடு நின்ற நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. விட்டை பொறுக்கத்தான் கிளம்புகிறோம் என்று நினைத்திருக்கும். வாயைத் திறந்தேன். பொந்திலிருந்த குட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. லாரி போய்விட்டது.

அடுத்த வாரம் இன்னொரு கோழி போனது. நானே அவரிடம் துணியை எடுத்துக் கொடுத்தேன். விரலால் நீவிப் பார்த்தார்.

"என் சேலைதாங்க."

கல்கட்டுக்குப் போய்ப் பார்த்தோம். பொந்து காலி. நாயை அனுப்புவதற்கு முன்பே தாய் குட்டிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். பொந்தின் வாயில் சிலந்தி பின்னிய வலை பழசாகியும் இருந்தது. அவர் வீட்டுக்கு வந்து கோழிக்கூடையின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு சோளக்காடு சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த லாரி டிரைவரிடம் நாயைப் பற்றிக் கேட்பார். டிரைவர் ஒவ்வொரு தடவையும் வேறொரு ஊரைச் சொல்வார். நான் அவருடைய சந்தைப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.