செவ்வாய்க்குப் போன போல்ட்டுக்கு வச்ச பொட்டு

ஸ்பிரிட் வாசனை வந்தா இப்பவும் என் விரல் நுனி ஜில்லுன்னு ஆயிடும்...

அப்போ கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில ஒரு சின்ன பட்டறையில வேலை. பொன்னேரியில காலை ரயில். பழவேற்காட்டுலேர்ந்து பஸ்ல வர்ற ரஷீதா எனக்கு இடம் போட்டு வச்சிருப்பா. மிஷின்ல கடைஞ்சு வர்ற போல்ட்டை ஸ்பிரிட்ல கழுவி, துடைச்சு, கவர்ல போடுறது எங்க வேலை. வளையல், பூ, பவுடர் எதுவும் கூடாது. தூசி இருந்தா சாமானைத் திருப்பி அனுப்பிடுவாங்க.

ஒருநாள் முதலாளி, "இந்த லாட்டு போல்ட்டு பூரா மங்கள்யானுக்கு. செவ்வாய் கிரகத்துக்குப் போவுது"ன்னார்.

அஞ்சாவது படிச்சவ நான்... நான் துடைச்ச சாமான் செவ்வாய்க்கா? ரயில் பெட்டி பூரா சொல்லிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை. மிஷினுக்கு மாலை, பூசணிக்காய், பொரிகடலை. முதலாளி சந்தோஷத்துல, கழுவி ரெடியா இருந்த போல்ட்டுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சுட்டார். நாங்க கன்னத்துல போட்டுக்கிட்டோம்.

ரஷீதா மட்டும், "இன்னாக்கா, குளிப்பாட்டின கொழந்தைய மறுபடி மண்ணுல வுடுறாரு?"ன்னா. யாரு கேட்டா...

லீவு முடிஞ்சு வந்தா இன்ஸ்பெக்‌ஷன் சார் நிக்கிறார். மரை இடுக்கெல்லாம் செக்கச்செவேல்னு காஞ்சு கிடக்கு.

"இப்படியே இருந்தா இந்த லாட்டு போகாது."

இனி எந்த மூஞ்சிய வச்சுக்கினு ரயில் ஏறுவேன்?

முதலாளி கெஞ்சி சாயங்காலம் வரைக்கும் டைம் வாங்கினார். தேய்க்கிறோம், கழுவுறோம், மறுபடி தேய்க்கிறோம்... முதலாளியும் பிரஷ்ஷோட உட்கார்ந்துட்டார். "நல்லா தேய் நைனா, நீ வச்சதுதானே"ன்னா ரஷீதா. அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

சார் லென்ஸ் வச்சு ஒவ்வொண்ணா பார்த்தார். கடைசியில, "அது ஏற்கெனவே செவப்பு கிரகம்மா. நீங்க வேற குங்குமம் அனுப்பணுமா?"ன்னார்.

பாஸ்.

மங்கள்யான் போய்ச் சேர்ந்த அன்னிக்கு ரயில் பெட்டியில லட்டு குடுத்தது ரஷீதாதான்.

அதுக்கப்புறம் ஒரு தடவை நிலாவுக்கு அனுப்பினது எறங்கறப்போ தவறிப்போச்சு, அழுதேன். அடுத்தது பத்திரமா எறங்கிச்சு. இப்போ அந்த வேலையும் இல்ல, காலை ரயிலும் இல்ல. ஊட்லயே உட்கார்ந்துக்கினு பேத்திகூட டிவியில பார்க்கிறேன்.

ராக்கெட் கிளம்புற அன்னிக்கெல்லாம் ரஷீதா போன் பண்ணுவா. "இன்னாக்கா, டிவிக்குப் பொட்டு வச்சாச்சா?"

வச்சாச்சுடி... இதைத் தேய்க்கச் சொல்ல எந்த சாரும் வர மாட்டார்.