எதிர்வீட்டில் வேகாத சோறு

அந்த வாசனை முதலில் எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் குளியலறைக்குள் போனால், பாசுமதி அரிசி பாதி வெந்து ஆவி கிளம்புகிற மணம் வரும். விடியற்காலையில் முகம் கழுவப் போனாலும் அதே மணம்தான்.

அபிராமபுரத்தில் நாங்கள் இருப்பது பழைய அடுக்குமாடிக் கட்டடம். மேல்மாடியில் எங்கள் வீடும் எதிர்வீடும் மட்டும். எங்கள் குளியலறை ஜன்னலும் எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலும், குழாய்கள் இறங்குகிற ஒரே இடுக்கைப் பார்த்தபடி இருக்கும். அதனால் வாசனை எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவேண்டிய தேவையே எனக்கு வரவில்லை.

எதிர்வீட்டுக்கு மார்கழியில்தான் ஒரு முஸ்லிம் தம்பதி வாடகைக்கு வந்திருந்தார்கள். அவருக்குத் தி.நகரில் பயணப்பைகள் விற்கிற கடை. அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். வந்த மறுநாளே கதவைத் தட்டி, "அக்கா, மெட்ரோ தண்ணி எப்ப விடுவாங்க?" என்று கேட்டாள். அப்படியே நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் போனாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. ஆனால் பிறர் என்ன சாப்பிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

தை முடிவதற்குள் மணம் கனத்துவிட்டது. தோய்த்துக் காயப்போட்ட துண்டில்கூட ஏறியது. என் கணவர் முகத்தைச் சுளித்தார்.

"கார்த்தால எழுந்து வாயக் கொப்பளிக்கறதுக்குள்ள பிரியாணி வாசனை. எப்படித்தான் சாப்பிடறாளோ!"

நான் மறுத்துப் பேசவில்லை. நோன்பு மாதம் தொடங்கியதும் எதிர்வீட்டில் விடிவதற்கு முன்பே விளக்கெரிந்தது. கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் போயிற்று.

எங்கள் கட்டடத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மாடிப்படியில் தினமும் ஏதோ வாசனை வருகிறதே, யார் வீட்டிலிருந்து என்று ஒருநாள் அதில் யாரோ கேட்டிருந்தார்கள். நான் பதில் எழுதினேன். "மேல்மாடியில் குழாய் இடுக்குப் பக்கம் சமையல் வாசனை சற்று அதிகமாக இருக்கிறது. சமைக்கும் நேரத்தில் அந்தப் பக்க ஜன்னல்களை மூடிவைத்தால் எல்லோருக்கும் நல்லது."

பாடநூல்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். எழுதியதை இரண்டுமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். கோபமில்லை, பெயரில்லை, ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆனால் அந்த இடுக்கைப் பார்க்கும் சமையலறை மேல்மாடியில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் என்பது எனக்குத் தெரியும், படித்தவர்களுக்கும் தெரியும். வாடகைக்கு இருப்பவர்களை அந்தக் குழுவில் சேர்ப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன.

மறுநாளிலிருந்து எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் மூடியே கிடந்தது. மாசி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வாசனை மட்டும் குறையவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூடிய ஜன்னலைத் தாண்டி எப்படி வருகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்னும் என்னதான் சமைக்கிறார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டேன்.

குளியலறைக் கூரையில் மஞ்சளாக ஈரம் படரவே, வழக்கமாக வருகிற பிளம்பரைக் கூப்பிட்டேன். குளியலறைக்கு மேலே ஒரு பரண் இருக்கிறது. கீசர் குழாய்கள் அதன் வழியாகத்தான் போகின்றன. பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிய ஓட்டை பரணிலிருந்து இடுக்குப் பக்கமாகத் திறந்தே கிடந்தது. பிளம்பர் ஸ்டூலில் ஏறிப் பரண் பலகையை நகர்த்தினார்.

"மேடம், உள்ள இன்னாவோ கீது மேடம்! கண்ணு மின்னுது!"

புஸ்ஸென்று ஒரு சீறல். எங்கள் நாய், தெருவிலிருந்து எடுத்து வளர்ப்பது, அவர் காலுக்கிடையில் புகுந்து மேலே பார்த்துக் குரைத்துத் தள்ளியது. மேலிருந்து ஏதோ பீய்ச்சியடித்தது. பிளம்பர் ஸ்டூலோடு சரிந்து குதித்தார். அழுகிய முட்டையையும் எரிந்த ரப்பரையும் ஒன்றாகக் கரைத்து ஊற்றியதுபோல நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. நாய் ஊளையிட்டுக்கொண்டு முகத்தைத் தரையில் தேய்த்தது.

"மரநாய் மேடம்! குட்டி போட்டுக்கீது. கிட்ட போவாத, கட்ச்சிரும்!"

அடுத்த நிமிடம் எதிர்வீட்டுப் பெண் வெறுங்காலோடு ஓடிவந்தாள். "அக்கா, கேஸ் லீக்காவுதா? லைட்டு கிட்டு போட்றாதீங்க!" என்றபடி நேரே என் சமையலறைக்குள் போய் சிலிண்டரை மூடினாள். விஷயம் தெரிந்ததும் நாயைப் பார்த்தாள். நான் அதைப் பால்கனிக்கு இழுத்துப்போய்ப் பிடித்துக்கொள்ள, அவள் மக்கில் தண்ணீர் கொண்டுவந்து கொண்டுவந்து ஊற்றினாள். கண்ணைக் கழுவி முடிக்கிறவரை நகரவில்லை.

துடைக்கத் துணி எடுக்கக் குளியலறைப் பக்கம் போனேன். அவளும் பின்னால் வந்தாள். பரண் பலகை பாதி திறந்தபடி இருந்தது. நாற்றம் கொஞ்சம் அடங்கியிருந்ததால் அதன் அடியிலிருந்து இன்னொன்று இறங்கி வந்தது. பாசுமதி மணம். இதுவரை இவ்வளவு கிட்டத்தில் நான் முகர்ந்ததில்லை. இருவரும் ஒன்றாக மூக்கை உயர்த்தினோம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மக்கைக் கீழே வைத்துவிட்டு, "நாய டாக்டர்கிட்ட காட்டிடுங்கக்கா" என்று சொல்லிப் போய்விட்டாள்.

கால்நடை மருத்துவர் நாயின் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். காது மடலில் இருந்த கீறல் எப்படி வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை என்பதால் வெறிநோய்த் தடுப்பூசியை மறுபடி போட்டுவிட்டார். காட்டு விலங்குகளைப் பார்த்துக்கொள்கிற தன்னார்வலர் ஒருவரின் எண்ணும் அவரிடமிருந்துதான் கிடைத்தது. வீட்டுக்கு வந்தால் என் கணவர் வேறொரு ஏற்பாட்டில் இருந்தார்.

"கூண்டு வெச்சுப் பிடிச்சு எங்கயாவது விட்டுடறேங்கறான் ஒருத்தன். நாளைக்கே வரச் சொல்லிடட்டுமா?"

நான் தன்னார்வலரைக் கூப்பிட்டேன். எடுத்தது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"கூண்டெல்லாம் வேணாம் மேம். அம்மாவப் பிடிச்சிட்டா குட்டிங்க பட்டினியில செத்துடும். அத பிடிக்கிறது சட்டப்படி தப்பும்கூட."

"மிளகாய்ப் புகை போட்டா ஓடிடும்னு எல்லாரும் சொல்றாளே?"

"அம்மா ஓடிடும், குட்டிங்களால ஓட முடியாதே. நீங்க பாத்ரூம மூடி வச்சிருங்க. நாய அந்தப் பக்கமே விடாதீங்க. குட்டி தப்பித் தவறிக் கீழ விழுந்தாலும் கையால தொடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க. கொஞ்சம் வளந்ததும் அம்மாவே கூட்டிட்டுப் போயிடும். அதுக்கப்புறம் ஓட்டைய அடைங்க. முன்னாடி அடைச்சிடாதீங்க."

பிறகு அவள் கேட்டாள். "மொட்டமாடி, பால்கனியில பழம், சோறு ஏதாவது வைக்கிறீங்களா மேம்?"

அணிலுக்கென்று தினமும் பால்கனிச் சுவரில் கனிந்த வாழைப்பழம் வைப்பவள் நான்தான். நாய் மிச்சம் விட்ட சோறும் கிண்ணத்தோடு அங்கேயேதான் இருக்கும். சொன்னேன்.

"அதுக்குத்தான் வந்திருக்கும். இதோட மூத்திரம் பாசுமதி அரிசி மாதிரி வாசனை அடிக்கும் மேம். நெறைய பேர் பக்கத்து வீட்டுல சமைக்கிறாங்கன்னு நெனச்சுப்பாங்க." அவள் சிரித்தாள். நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

எங்கள் வீட்டில் குளிக்க அந்த ஒரு அறைதான். அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். "அக்கா, காலைல அவரு கடைக்குப் போனப்புறம் எங்க பாத்ரூம்ல குளிச்சுக்குங்க." என் கணவர் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் வாளி வைத்துக் குளித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நான் மறுநாள் துண்டும் சோப்புமாக எதிர்வீட்டுக்குப் போனேன்.

சமையலறையைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். அடுப்பு துடைத்த மேனிக்குக் கிடந்தது. இடுக்கைப் பார்த்த ஜன்னலின் விளிம்பு முழுக்க, கடையில் பெட்டி கட்டுகிற பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை.

"என்னம்மா, ஜன்னல இப்படி ஒட்டி வச்சிருக்க?"

"ஓனர் போன் பண்ணாருக்கா. வாசனை வருதுன்னு கம்ப்ளைன்ட்டாம். இவருக்கு ரோஷம் வந்துடுச்சு. இந்த வீட்ல அடுப்பே பத்த வைக்காதன்னுட்டாரு."

"நோன்பு நாள்ல... விடியறதுக்கு முன்னாடி சாப்பிடணுமே?"

"சஹருக்கா? பன்னும் பாலும்தான். சாயங்காலம் நோன்பு தொறக்க ராயப்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்றோம்."

பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறவள், என் இரண்டு வாக்கியங்களுக்காக விடியுமுன் உட்கார்ந்து பன்னைத் தின்றிருக்கிறாள். நான் படுக்கையில் கிடந்தபடி அந்த விளக்கைப் பார்த்துப் பிரியாணி என்று முடிவுகட்டியிருக்கிறேன்.

"பிரியாணி பண்ணினதே இல்லையா நீ?"

"இங்க வந்து ரெண்டு வாட்டி பண்ணிருப்பேன். எனக்கு அவ்ளோ நல்லா வராதுக்கா." சிரித்தாள்.

"அந்த கம்ப்ளைன்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. ஓனர் அந்த மெசேஜ அப்படியே அனுப்பிட்டாரு. உங்க பேரோட." கீசரில் பிடித்து வைத்திருந்த வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "வெந்நி ஆறிடும். போய்க் குளிங்க."

குளித்தேன் என்று சொல்ல முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அவள் எல்லாம் தெரிந்துகொண்டேதான் என் சிலிண்டரை மூட ஓடிவந்திருக்கிறாள், என் நாயின் கண்ணைக் கழுவியிருக்கிறாள். வெளியே வந்து, "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றேன்.

"எனக்குப் பரவால்லக்கா. அவருகிட்ட சொல்லுங்க."

அவரிடம் சொல்வதற்கு முன் குழுவில் எழுதினேன். வாசனை எங்கள் பரணில் இருக்கும் மரநாயுடையது, எதிர்வீட்டுச் சமையலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நான் எழுதியது தவறு என்று எழுதினேன். சிரிக்கிற முகங்கள் வந்தன. எங்கள் வீட்டைச் சரணாலயம் ஆக்கிவிடலாம் என்றார் ஒருவர். மரநாய் எப்போது போகும் என்று கட்டடச் சங்கச் செயலாளர் கேட்டார். எதிர்வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எதிர்வீட்டு உரிமையாளருக்கும் போன் செய்தேன்.

"சரிம்மா, புரியறது. ஆனா பேச்சுன்னு வந்துடுத்து பாருங்கோ. அக்ரிமென்ட் முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

அவள் கணவரை மாடிப்படியில் பிடித்தேன். ராயப்பேட்டையிலிருந்து திரும்பி வந்திருந்தார்கள். அவள் சாவியைப் போட்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னதையெல்லாம் அவர் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டார். "சரிங்க" என்றார். மரியாதைக் குறைவாக ஒன்றும் இல்லை. கதவுகூட மெல்லத்தான் சாத்தப்பட்டது.

அதன்பின் வந்த வாரங்களில் காலைக் குளியல் அங்கேதான் நடந்தது. நோன்பு முடிந்த பிறகும் அப்படியே. ஜன்னல் டேப்பை நானே ஒருநாள் உரித்துப்போட்டேன். இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவள் பால்கனியிலிருந்து பார்த்தால் எங்கள் பரண் ஓட்டை தெரியும். ஒரு சாயங்காலம் அவசரமாகக் கூப்பிட்டாள். தாய் மரநாய் குழாயைப் பிடித்து ஏறி, கட்டடத்தை ஒட்டி நிற்கும் மாமரத்தின் கிளைக்குத் தாவி, திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குட்டி வந்தது. இன்னொன்று பாதி வழியில் நின்று கத்தியது.

"பேசாதீங்கக்கா, பேசாதீங்க" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பேசவே இல்லை. கத்திய குட்டியும் தாவியதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

தன்னார்வலர் சொன்னபடி ஓட்டையில் பேப்பரைக் கசக்கித் தளர்வாகச் செருகிவைத்தோம். சில நாட்கள் கழித்தும் அது அசையாமல் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் பிளம்பர் வந்து கனத்த கம்பிவலை அடித்தார். முகமூடியும் கையுறையும் போட்டுப் பரணைக் கழுவினோம். கூரையைத் தொட்ட மாமரக் கிளையைக் கழித்தார்கள். அணிலுக்குப் பழம் வைப்பதை நிறுத்திவிட்டேன், நாய்க்குச் சாப்பாடு உள்ளேதான். எல்லாமே எவ்வளவு சுலபமாகச் சரியாகிவிட்டது என்று என் கணவர் சொன்னார்.

அக்ரிமென்ட்டை உரிமையாளர் புதுப்பிக்கவில்லை. பையனுக்குக் கல்யாணம், வீடு தேவைப்படுகிறது என்று காரணம் சொன்னாராம். அதற்குப்பின் அங்கே குடிவந்தது ஐ.டி.யில் வேலை பார்க்கிற வேறொரு தம்பதி. அவளும் அவள் கணவரும் வேளச்சேரியில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். வீடு அமைய ரொம்ப அலைந்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் இல்லை என்று சொன்னவர்கள் பலபேர் என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சாமான் ஏற்றுகிற அன்று நான் போய் நின்றேன். நான் கையில் எடுத்த பெட்டியை அவள் கணவர், "வேணாங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று வாங்கிக்கொண்டார். அவள் வண்டியில் ஏறும்முன் நாயின் தலையைத் தடவிவிட்டு, "வீட்டுக்கு வாங்கக்கா, கண்டிப்பா வரணும்" என்றாள்.

இப்போதும் போனில் பேசிக்கொள்கிறோம். எப்போ வர்றீங்க என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். வேளச்சேரி ஒன்றும் தொலைவில்லை, மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் போதும். போன மாதம் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை போனேன். அன்று அவள் கணவரின் கடைக்கு விடுமுறை, வீட்டில் இருப்பார் என்பது பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. ரயில் வந்தது, போயிற்று. நான் படியிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.