அடுப்படிக் கதவுக்குப் பின்னால்

தியானம் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி இருந்தார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இருந்தார். எண்ணெய்க்கடைக்காரர் இருந்தார். லாரி ஓட்டுகிற நான் இருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. அவர்கள் முன்னால் சொல்ல வாய் வராததை உங்களிடம் சொல்கிறேன்.

என் சொந்தத் தங்கச்சி எதிரே வந்தால் வண்டி கவிழும் என்று நம்பினேன்.

புருஷன் செத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த வாரமே என் லாரி புளியமரத்தில் முட்டியது. கண் அசந்தது நான். பழி அவள்மேல்! அதிலிருந்து நான் கிளம்பும்போது அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் வெளியே வருவாள். நான் போகச் சொல்லவில்லை... இல்லை, ஒரு தரம் சொன்னேன். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரத்தக்கொதிப்புக்காகத்தான் அந்த வகுப்புக்குப் போனேன். டேப் ரெக்கார்டரில் தம்பூரா ஓடும். கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கதவு வந்தது. அண்ணாச்சியிடம் தனியாகக் கேட்டேன். ஒருத்தரைப் பற்றித் தப்பான நினைப்பு, போகமாட்டேன் என்கிறது என்றேன். யாரென்று சொல்லவில்லை.

“வெரட்டாதீரும் வே. வந்தா பாத்துக்கிட்டே இரும். மூச்சு பைய வெளிய போகையில, அவங்க நல்லா இருக்கணும்னு எதிர் நெனப்பு ஒண்ண வையும்.”

தினமும் செய்தேன். முதலில் அந்தக் கதவுதான் வந்தது. மாதங்கள் போயின. ஒரு காலையில் அவள் முகம் வெறும் முகமாக வந்தது... சின்னதில் என் தோளில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தவளின் முகம்.

அன்றைக்குக் கிளம்பும்போது அடுப்படிக் கதவைப் பார்த்துச் சொன்னேன்: “ஏ பிள்ள, வாசல்ல வந்து நில்லு.”

அவள் நகரவில்லை.

“வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா எந்தலையிலதான போடுவ?”

மாட்டேன் என்றேன். வந்து நின்றாள்.

வண்டியில் வாழைத்தார் லோடு. நாங்குநேரி தாண்டியதும் டயர் வெடித்தது. வண்டி சாலையை விட்டு இறங்கி நின்றது.

உடனே யார் முகம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அவள் முகம்தான்!

ரோட்டோரம் உட்கார்ந்தேன். மூச்சைப் பைய விட்டேன். டயரைப் பார்த்தேன். நூல் தெரியத் தேய்ந்த டயர். மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாற்றவில்லை. நினைப்பு இறங்கிப் போனது. அப்படியொரு லேசை நான் அறிந்ததில்லை.

வழியில் ஏதாவது ஆனதா என்று வீட்டில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். டயர் வெடித்ததையும் முதலில் வந்த முகத்தையும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது பல் விளக்கிக்கொண்டே வாசலில் நின்று கையசைக்கிறாள். எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால், அவள் தலை சாய்த்து நின்ற இடத்தில், சுவரில் எண்ணெய்க் கறை இருக்கிறது. வெள்ளையடித்தும் தெரிகிறது.

ஒன்பது வருஷம் அங்கே நின்றாள்.